பிரிண்டர் மேல் பழி போடும் முன்

சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். லிட்டில் இந்தியாவின் ஒரு கடையில் பிரிண்டரில் தாள் சிக்கினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது உறை பிரித்துத் திறந்தே கிடக்கும் காகிதக் கட்டைத்தான். ஈரம் குடித்த தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாக உள்ளே போகும். அச்சே வரவில்லையா? கணினியை விட்டுவிட்டு, பிரிண்டரின் பொத்தானிலிருந்தே சோதனைப் பக்கம் எடுங்கள். அது தெளிவாக வந்தால் கோளாறு பெரும்பாலும் கேபிளில், வைஃபையில், அல்லது அச்சு வரிசையில் தேங்கிய பழைய கோப்பில். கோடு கோடாக வந்தால் மை காய்ந்திருக்கலாம். சுத்தம் செய்யும் கட்டளை பிரிண்டரிலேயே உண்டு.

பழுதுக் கூலிக்குச் சிம் லிம் ஸ்குவேரில் புதிதே வாங்கலாமே என்பார்கள். உடைந்த பாகத்துக்கு அந்தக் கணக்கு சரி. மேற்சொன்ன சோதனைகளுக்கோ கூலியே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேரும் தீவு இது. 2021 ஜூலையில் தொடங்கிய சேகரிப்புத் திட்டத்தில் பிரிண்டரும் அடக்கம்தான், ஆனால் அது செத்த பிரிண்டருக்கு.