ஜீப்பின் கூரையில் ஒரு கம்பி

போலீஸ் ஜீப்பின் கூரையில் மெல்லிய கம்பி ஒன்று நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளேயிருக்கும் வயர்லெஸ் கருவியின் ஏரியல் அது. அதன் நீளத்தை முடிவு செய்வது யார் தெரியுமா? வானொலி அலைதான்!

வானொலி அலை நொடிக்கு 30 கோடி மீட்டர் வேகத்தில் செல்கிறது. கருவி 150 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 15 கோடி அதிர்வுகளில் இயங்குவதாகக் கொள்வோம். வகுத்துப் பாருங்கள், அலைநீளம் 2 மீட்டர். அதில் கால் பங்கு 50 சென்டிமீட்டர். ஏறத்தாழ இந்த நீளமுள்ள கம்பி அந்த அலையோடு ஒத்ததிர்வு கொள்ளும்.

பள்ளியில் ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனை செய்திருப்பீர்கள். காற்றுத் தம்பம் கால் அலைநீளத்தை எட்டும்போது இசைக்கவையின் ஒலி ஓங்கிக் கேட்கும். முனைத் திருத்தத்தால் தம்பம் சற்றுக் குறைவாக இருப்பது போலவே, ஏரியல் கம்பியும் கணக்கிட்ட நீளத்தைவிடச் சற்றுக் குட்டையாகவே இருக்கும். அங்கே காதால் கேட்டு அறிகிறோம்; இங்கே ஒரு மீட்டரால் அறிகிறோம்.

ஏரியல் பொருந்தாவிட்டால், கேபிள் வழியே செல்லும் ஆற்றலில் ஒரு பகுதி திரும்பி வரும். போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து நிலை அலைகளை உண்டாக்கும். இதை அளப்பதே நிலை அலை விகித மீட்டர். விகிதம் 1 என்றால் எதுவும் திரும்பவில்லை; 2 என்றால் சுமார் 11 சதவீதமும், 3 என்றால் 25 சதவீதமும் திரும்புகிறது. விகிதம் மிகவும் உயர்ந்தால் கருவியின் டிரான்சிஸ்டரே சூடேறிப் பழுதாகலாம். வெள்ள மீட்புக்குச் சென்ற வண்டியில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும்!

இதை எப்படிச் சரிசெய்கிறார்கள்? வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, கருவிக்கு உரிய அதிர்வெண்களில் மிகக் குறைந்ததிலும் மிக உயர்ந்ததிலும் அளக்கிறார்கள். குறைந்த அதிர்வெண்ணில் விகிதம் நன்றாக இருந்து, உயர்ந்ததில் ஏறினால் கம்பி நீளம். நேர்மாறாக இருந்தால் குட்டை. நீளமான கம்பியை 2 மில்லிமீட்டர் வெட்டி, மீண்டும் அளந்து பார்த்த பிறகே அடுத்த வெட்டு. வெட்டியதை ஒட்ட முடியாதல்லவா?

எல்லா அதிர்வெண்ணிலும் விகிதம் மிக உயர்ந்தே இருந்தால், குறட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். குறை பெரும்பாலும் கம்பியில் இராது. ஏரியலின் மறுபாதி வண்டியின் உலோகக் கூரைதான். கம்பியில் மின்னோட்டம் ஏறி இறங்க, அதற்கு ஈடான மின்னோட்டம் கூரையிலும் பாய வேண்டும். அடியில் பெயின்ட்டோ துருவோ குறுக்கிட்டால் அந்தப் பாதை அடைபடும். சுரண்டித் துடைத்து, திருகை இறுக்கினால் போதும். அதிலும் தீராவிட்டால் கேபிளைப் பார்க்க வேண்டும். அது கதவிடுக்கில் நசுங்கியிருக்கலாம். இணைப்பில் மழைநீர் புகுந்திருக்கலாம். இரு முனைகளையும் கழற்றி மல்டிமீட்டரால் சோதித்தால், நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. 27 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் எவ்வளவு? அவ்வளவு நீளக் கம்பியைக் கார்மீது நிறுத்த முடியுமா? விடை கண்டால், அத்தகைய ஏரியலில் ஏன் ஒரு கம்பிச்சுருளைச் சேர்த்து நீளத்தைக் குறைக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.