கழுத்து நோவுக்கு ஓய்வா, அசைவா?

கழுத்து நோகிறது என்று எவராவது சொன்னால், எம்மவர் வாயிலிருந்து முதலில் வருவது "ஆட்டாமல் இருங்கோ" என்பதுதான். அடுத்து எண்ணெய், ஒத்தடம், அதன்பின் கழுத்துப்பட்டை. எண்ணெயும் ஒத்தடமும் இதம் தருவன. அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. ஆட்டாமல் இருப்பதுதான் இன்றைய வைத்திய அறிவுக்கு ஒவ்வாதது.

முன்னர் வைத்தியர்களே பட்டையைக் கொடுத்து வாரக்கணக்கில் அணியச் சொன்னதை மூத்த அங்கத்தவர்கள் அறிவார்கள். 1995ஆம் ஆண்டில் கனடாவின் கியூபெக் மாகாணத்து நிபுணர் குழுவொன்று, வாகன விபத்தில் கழுத்து இழுபட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. எலும்பு முறியாதவர்கள் ஓய்வையும் பட்டையையும் குறைத்து, விரைவில் வழமையான அலுவல்களுக்குத் திரும்புவதே நல்லது என்பது அக்குழுவின் முடிவு.

காரணம் எளிது. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையை ஏழு சிறிய முள்ளெலும்புகள் தாங்குகின்றன. (ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழுதான்!) அவற்றை நிலைநிறுத்துபவை தசைகள். அசையாதிருந்தால் தசை தளரும், மூட்டு இறுகும். இறுகிய மூட்டைத் திருப்பினால் நோகும். நோவுக்குப் பயந்து இன்னும் அசைக்காமல் விடுவோம். எங்கள் முதியவர்கள் சிலர் காரைப் பின்னெடுக்கையில் திரும்பிப் பார்க்க முடியாமல் வாகனம் ஓட்டுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அதன்பின் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருவதற்கும் பிள்ளைகளின் ஓய்வு நேரத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதாகிறது. நோவை விட இதுவே பெரிய இழப்பு.

எக்ஸ்றே படத்தில் "தேய்மானம்" என்று எழுதியிருப்பதைக் கண்டு கலங்குவோரும் பலர். அறுபது வயதைக் கடந்தவர்களில் நோவே இல்லாத பெரும்பாலானோரின் படத்திலும் அந்தத் தேய்மானம் தெரியும். தலைமுடி நரைப்பது போன்றதொரு மாற்றம் அது. சாதாரணக் கழுத்து நோ அநேகமாகச் சில வாரங்களில் தணியத் தொடங்கும்.

ஆயினும் சில அறிகுறிகளை அலட்சியம் செய்யலாகாது. கையில் பலம் குறைதல், சட்டைப் பொத்தான் பூட்டத் தடுமாறுதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் கட்டுப்படாமை, விழுந்தபின் வந்த நோ, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுக்கு உடனே வைத்தியரைக் காணவேண்டும். காய்ச்சலும் கடும் தலையிடியும் சேர்ந்து கழுத்து விறைத்தாலோ, நெஞ்சு இறுக்கத்துடன் நோ கழுத்துக்கும் தாடைக்கும் ஏறினாலோ 000 இலக்கத்தை அழையுங்கள். மாரடைப்பு எம்மவரிடையே அதிகம் என்பதை நினைவிற் கொள்க.

அவுஸ்திரேலியாவில் 1976 முதல் வைத்தியரின் கடிதமின்றியே பிசியோதெரபிஸ்டிடம் நேரே செல்லலாம். நோ ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால், குடும்ப வைத்தியர் திட்டம் எழுதித் தந்தபின், ஆண்டுக்கு ஐந்து தடவை வரை மெடிக்கெயார் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். இந்த ஐந்தும் பிசியோதெரபி, பாத வைத்தியம் போன்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

பிசியோதெரபிஸ்ட் கையால் அழுத்தி இளக்குவது பாதி வேலைதான். மறுபாதி நாம் வீட்டில் செய்யவேண்டியது. பிறிஸ்பேனிலுள்ள குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குவெண்டலின் ஜல் குழுவினர், கழுத்திலிருந்து எழும் தலையிடியால் வருந்திய 200 பேரை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டனர். ஆறு வாரம் பயிற்சியோ கைச்சிகிச்சையோ பெற்றவர்களுக்குத் தலையிடி குறைந்தது. ஓராண்டின் பின்னரும் அப்பலன் நிலைத்தது.

அப்பயிற்சி மிக மெதுவானது. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், "ஓம்" என்று ஆமோதிப்பதுபோல் நாடியைச் சற்றே உள்நோக்கித் தாழ்த்தி 10 விநாடி வைத்திருந்து விடவேண்டும். பத்துத் தடவை வரை செய்யலாம். பலத்தை உபயோகித்தால் பயனில்லை. முன்கழுத்தின் ஆழமான தசைகளே இதில் வேலை செய்யவேண்டும். இதனுடன், நேரே அமர்ந்து தலையை மெல்ல வலமும் இடமும் திருப்புதல், தோள்பட்டைகளைப் பின்னால் ஒடுக்கி விடுதல் ஆகியவற்றை நாளுக்கு மூன்று நான்கு தடவை செய்தாற் போதும். இலேசான நோ வந்தால் பயப்பட வேண்டாம். நோ கைக்கு இறங்கினால் அல்லது தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது சலூனில் முடிவெட்டியபின் கழுத்தை "டக்" என்று முறிப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் இரண்டு அந்த எலும்புகளினூடே செல்கின்றன. அரிதாயினும், அவை கிழிந்து பாரிசவாதம் வந்ததுண்டு. அந்தச் சுகம் வேண்டாம்.

இனித் திருவிழாக் காலம். மண்டபத்தில் சம்மணமிட்டு மணிக்கணக்காகக் குனிந்து மாலை கட்டும் அன்பர்களும், மடைப்பள்ளியில் மரக்கறி நறுக்குவோரும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, தோளை உருட்டி, தலையை இருபுறமும் திருப்பிவிட்டு அமரலாம். பூத்தட்டை மடியிலிருந்து உயர்த்தி ஒரு சிறு மேசையில் வைத்தாலும் குனிவு குறையும். மண்டபத்திலே மடிக்கும் மேசைகள் போதியளவு உண்டு.