ரப்பர் தவளையும் செஞ்சி ஏரி விராலும்

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியில் ஏறி இறங்கி, 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பெருமையைப் பேசிவிட்டு ஊர் திரும்புவார்கள். கோட்டைப் பக்கமே திரும்பாத இன்னொரு கூட்டமும் இப்போது வருகிறது. பைக்கில் நீளமான உறை, பையில் டப்பா டப்பாவாக ரப்பர் தவளைகள், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. சுற்றுவட்டார ஏரிகளில் விரால் பிடிக்க வந்தவர்கள் இவர்கள்.

விரால் தூண்டில் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. அன்று அதற்கு மூங்கில் கழி, நைலான் நரம்பு, பெரிய முள், ஒரு சின்னத் தவளை போதும். தவளையின் முதுகுத் தோலிலோ தொடையிலோ முள்ளை ஏற்றி, அல்லி இலைகளுக்கு நடுவே தண்ணீர்மேல் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். உயிருள்ள தவளை உதைத்து நீந்தும். அந்த ஆட்டத்துக்குத்தான் விரால் கீழேயிருந்து பாயும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு. அதற்கு மயிலிறகுத் தண்டில் தக்கை. சாயங்காலம் கரையோரம் குச்சி நட்டு, தூண்டிலைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய், விடியலில் வந்து பார்க்கிற வழக்கமும் இருந்தது. பிடித்த மீன் குழம்புக்குப் போனது. அதை யாரும் விளையாட்டு என்று சொல்லவில்லை.

விளையாட்டு என்று சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று இன்னொரு புத்தகமும் போட்டார். நூறு வருஷத்துக்கு மேல் கழிந்து, அந்த விளையாட்டு யூடியூப் வழியாக நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ரப்பர் தவளையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் சூட்சுமம் புரியும். உடம்பு வெற்றுக்கூடு. இரண்டு முள்ளும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டிக் கிடக்கும். ஆகாயத்தாமரை மேல் இழுத்தாலும் சிக்காது. விரால் கவ்வும்போது கூடு அமுங்கி முள் வெளியே வரும். இந்த அமைப்பு முதலில் அமெரிக்காவின் பாஸ் மீனுக்காகப் பிரபலமானது. பாஸும் விராலும் உறவில்லாத இனங்கள். ஆனால் இரண்டுமே பாசிக்குள் பதுங்கி, பதுங்கிய இடத்திலிருந்து பாய்ந்து அடிப்பவை. 2002-ல் மேரிலாந்தின் கிராஃப்டனில் ஒரு குளத்தில் சீன விரால் இனம் பிடிபட்டு அமெரிக்காவே அலறியது. அதைப் பிடிக்க இன்று அங்கும் இதே தவளைதான்.

கருவி பொருந்தியது, அதோடு வந்த பாடம் பொருந்தவில்லை. பாஸ்காரர்களின் பருவக் கணக்கு தண்ணீரின் சூட்டை வைத்துப் போட்டது. குளிர்காலத்தில் ஆழத்தில் மெதுவாக இழு, வசந்தத்தில் தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டி ஏறும்போது மீன் முட்டையிடக் கரையோரம் வரும், கோடையில் விடிகாலையில் மேல்மட்டத்தில் தவளை போடு, இலையுதிர் காலத்தில் சின்ன மீன் மாதிரி மின்னுகிற லூரை, அதாவது செயற்கை இரையைப் போடு என்று அது போகும். செஞ்சியில் மார்கழித் தண்ணீர்கூட அவர்கள் சொல்கிற குளிருக்கு இறங்குவதில்லை. இங்கே பருவம் என்பது தண்ணீரின் அளவு. ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துத்தான் தூண்டிலை எடுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரிக்குப் புதுத் தண்ணீர் வரும். விரால் வரத்துக் கால்வாயை எதிர்த்து ஏறும், வயலுக்குள்கூடப் போகும். கலங்கிய நீரில் ரப்பர் தவளை கண்ணுக்குத் தெரியாது. அப்போது மண்புழுவை மிஞ்சிய இரை இல்லை. லூர்தான் வேண்டுமென்றால் தகடு சுழன்று அதிர்வு கொடுக்கிற ஸ்பின்னர் பரவாயில்லை. ஏரி கோடி போய் அடங்கிய பிறகு, மார்கழி தையில் நீர் தெளியும். வெயில் ஏறும்வரை மீன் மந்தமாக இருக்கும். மெதுவாக அமிழ்கிற சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் எடுபடும்.

மாசி, பங்குனிதான் தவளைக்காரர்களின் பொற்காலம். பாசனத்துக்கு மதகு திறந்து நீர் இறங்க இறங்க, அல்லியும் கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் நிற்கிற கரையோரத்துக்கு விரால் ஒதுங்கும். விராலுக்குச் செவுளோடு காற்றைச் சுவாசிக்கிற உறுப்பும் உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுக்காமல் அதனால் இருக்க முடியாது. அப்படி எடுக்கும்போது சின்னச் சத்தமும் ஒரு வளையமும் உண்டாகும். அதைப் பார்த்த கணத்தில், வளையத்தின்மேல் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டு இழுத்து வருவதில்தான் கைத்திறன் இருக்கிறது. அடித்தவுடன் சுண்டக் கூடாது. தவளையை அது வாய்க்குள் வாங்கட்டும் என்று ஒரு நொடி பொறுக்க வேண்டும். மூங்கில் கழி பிடித்தவர்களுக்கும் இது தெரியும். ஐந்தாயிரம் ரூபாய் ராடு வைத்திருப்பவர்கள் பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

சித்திரை, வைகாசியில் ஏரி குட்டையாகச் சுருங்கும். அப்புறம் தூண்டிலுக்கு வேலை இல்லை. வலையும் கூடையும் இறங்கிவிடும். மிஞ்சிய விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும்.

கணக்கு இன்றும் இதுதான். மாறியது ஏரி. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கிற குத்தகைதாரருக்கு, குஞ்சைத் தின்கிற விரால் பகையாளி. சந்தையில் அதற்குத்தான் விலை அதிகம் என்பது வேறு கதை. 1952-ல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை இன்று எங்கும் நிறைந்திருக்கிறது. 2000-த்தில் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஒழியவில்லை. வண்டலும் வேலிக்காத்தானும் ஏரியின் ஆழத்தைத் தின்றுவிட்டதால் தண்ணீர் நிற்கிற மாதங்கள் குறைகின்றன. வருகிற மழையும் பொறுமையாக வருவதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. ஏறக்குறைய ஒரு வடகிழக்குப் பருவத்தின் மழை அது.

ரப்பர் தவளைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களால் நிஜத் தவளைகள் முள்ளிலிருந்து தப்பியிருக்கின்றன. தவளைக்கால் ஏற்றுமதியை அரசு 1987-ல் நிறுத்தியதும் தவளையைக் காக்கத்தான். பிடித்த மீனைத் திரும்ப விடுகிற வழக்கத்தையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். கரையில் நிற்கிற உள்ளூர்க்காரர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. ஒரு நல்ல ரப்பர் தவளையின் விலைக்கு அரைக் கிலோ விராலே வாங்கிவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். மழைக்காலங்களில் தண்ணீர்மேல் செம்பழுப்பாக, ஒரே கூட்டமாகக் குஞ்சுகள் கொதித்து எழுவதைப் பார்க்கலாம். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கூட்டத்துக்குள் எது விழுந்தாலும் விரட்டி அடிக்கும் என்பதால், அதில் தவளை போட்டுப் பிடிப்பது மிகச் சுலபம். காவல் போனால் அந்தக் குஞ்சுகளை ஜிலேபிக் கெண்டையும் கொக்கும் விட்டுவைக்காது. செஞ்சிப் பக்கம் ராடோடு வருகிற தம்பிகளே, அந்தக் கூட்டத்தைக் கண்டால் லூரைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்கு நடந்துவிடுங்கள். தூண்டில் போடும் முன் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.