மாய நினைவகத்துக்கு ஏற்ற இடம் எது?

அண்மையில் ஒரு மாலைப்பொழுது அயல்வீட்டு மாணவன் ஒருவன் வாடிய முகத்துடன் என்னிடம் வந்தான். "எங்கள் கணனி இனிச் சரிவராதாம், மாமா. புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் எப்படிக் கேட்பது?" என்றான். மறுவாரம் அவன் ஓர் ஆய்வுக் கட்டுரையை ஒப்படைக்க வேண்டும். வீட்டில் உழைப்பவரோ ஒருவர், படிப்பவர் மூவர். புதுக் கணனி என்பது அக்குடும்பத்துக்குச் சிறு செலவன்று.

சென்று பார்த்தேன். எழுதும் கோப்பு ஒன்றும் இணையப் பக்கங்கள் சிலவும் திறந்திருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முயன்றால் திரை உறைந்து நின்றது. உள்ளே வன்தட்டு ஓயாது 'டிக், டிக்' என ஒலித்துக்கொண்டிருந்தது. அவ்வொலியே நோயின் பெயரைச் சொல்லிற்று. கணனி கிழடாகவில்லை, இடமின்றித் தவித்துக்கொண்டிருந்தது.

இதனை விளங்கிக்கொள்ள ஒரு மாணவனின் மேசையை எண்ணிப் பாருங்கள். வேண்டிய நூல்கள் யாவும் மேசைமேல் இருப்பின் கை நீட்டியதும் எடுத்துக்கொள்ளலாம். மேசை நிறைந்துவிட்டாலோ உடனே வேண்டாத நூலை அலுமாரியில் வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துவர வேண்டும். மேசையே கணனியின் முதன்மை நினைவகம். 'ராம்' என்று கடைகளில் வழங்குவது அதுவே. அலுமாரியோ வன்தட்டு. அலுமாரியின் ஒரு தட்டையும் மேசையின் பகுதிபோலக் காட்டி, "உன் மேசை பெரிது" என்று செயலிகளை நம்பவைக்கும் உபாயமே மாய நினைவகம். விண்டோஸ் கணனிகளில் இதற்கென ஒரு 'பேஜ் பைல்' உண்டு. லினக்ஸில் 'சுவாப்' என்பர்.

இவ்வுபாயம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தின் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ரொம் கில்பேர்ண் என்னும் அறிஞரின் தலைமையில் உருவாகி, 1962 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 7 ஆந் திகதி தொடக்கிவைக்கப்பட்ட 'அட்லஸ்' கணனியிலே அது செயற்பட்டது. அவ்வியந்திரத்தின் விரைவான காந்த நினைவகத்தில் 16,384 சொற்களுக்கே இடமிருந்தது. சுழலும் காந்த உருளைகளிலோ 98,304 சொற்களுக்கு இடமிருந்தது. இரண்டையும் ஒரே நினைவகம்போலக் காட்ட அவர்கள் தரவுகளை 512 சொற்கள் கொண்ட 'பக்கங்களாக' வகுத்தனர். எந்தப் பக்கம் இனி வேண்டப்படாது என ஊகித்து அதனை உருளைக்கு அனுப்பும் வேலையைக் கணனியே செய்தது. இன்று நம் மேசைகளில் இருக்கும் கணனிகளும் அவ்வழியையே பின்பற்றுகின்றன.

ஆயின் மாயத்துக்கும் விலை உண்டு. நினைவகத்திலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நனோசெக்கன் ஆகும். 'எஸ்.எஸ்.டி.' எனப்படும் திண்மநிலைத் தட்டில் ஏறத்தாழ 100 மைக்குரோசெக்கனும், சுழலும் வன்தட்டில் ஏறத்தாழ 10 மில்லிசெக்கனும் செல்லும். இவற்றை மனித அளவிற்குக் கொணர்ந்து பார்ப்போம். மேசையிலிருந்து நூலை எடுக்க ஒரு செக்கன் என்றால், திண்மநிலைத் தட்டிலிருந்து எடுக்கப் பதினேழு நிமிடங்கள். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கும் மேலாக, 28 மணித்தியாலம் வரை! மாய நினைவகத்தை எங்கே வைப்பது என்னும் வினாவின் முக்கியத்துவம் இப்போது புலனாகின்றதன்றோ?

நம் மாணவனும் யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு ஒரு வைத்தியம் செய்திருந்தான். ஒரே வன்தட்டை 'சி', 'டி' என இரண்டாகப் பிரித்து, பேஜ் பைலை 'டி'க்கு மாற்றியிருந்தான். பலர் செய்யும் பிழை இதுவே. பெயர் இரண்டாயினும் தட்டு ஒன்றே. அதன் மேல் ஊர்ந்து வாசிக்கும் கைகள் யாவும் ஒருங்கே அசைவனவே. செயலிக்காக 'சி'க்கும், மாய நினைவகத்துக்காக 'டி'க்கும் அவை மாறி மாறி ஓடவேண்டும். வீட்டின் இரு கோடிகளிலும் இரு அலுமாரிகளை வைத்து, ஒரே வேலையாளை இங்குமங்கும் ஓடவிட்டதற்கு இஃது ஒப்பாகும். விரைவு கூடாது, குறையவே செய்யும்.

ஆகவே வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டிய விதிகள் சில. கணனியில் ஒரே ஒரு வன்தட்டு மட்டும் இருப்பின் பேஜ் பைலை விண்டோஸ் வைத்த இடத்திலேயே விட்டுவிடுக. வேறான இரண்டு வன்தட்டுகள் இருப்பின், குறைவாகப் பயன்படும் தட்டில் வைப்பது நன்று. ஒன்று செயலிக்குப் பணிசெய்ய மற்றது நினைவகத்துக்குப் பணிசெய்யும். லினக்ஸில் இரு தட்டுகளிலும் சுவாப் அமைத்துச் சம முன்னுரிமை கொடுத்தால் அது மாறி மாறி இரண்டையும் பயன்படுத்தும். திண்மநிலைத் தட்டு ஒன்று இருப்பின் வேறு யோசனையே வேண்டா, அங்கேயே வைத்திடுக.

"எழுதி எழுதித் திண்மநிலைத் தட்டுத் தேய்ந்துவிடாதா?" எனச் சிலர் அஞ்சுவர். 2009 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் பொறியியலாளர் வெளியிட்ட கணக்கின்படி, பேஜ் பைலில் ஒரு முறை எழுதினால் ஏறத்தாழ நாற்பது முறை வாசிப்பே நிகழ்கின்றது. சிறு சிறு வாசிப்புக்களில் திண்மநிலைத் தட்டு வல்லது. எனவே அவ்வச்சம் வேண்டியதில்லை.

செய்யத் தகாதன சிலவும் உள. பேஜ் பைலை அறவே நீக்கிவிடாதீர்கள். நினைவகம் நிறைந்ததும் செயலிகள் இடையிலே அறுந்து, எழுதியது பாழாகும். கையடக்க யூ.எஸ்.பி. துண்டிலும் அதனை வைக்காதீர்கள். நினைவகத்திலேயே ஒரு பகுதியைத் தட்டாக்கி அதில் மாய நினைவகத்தை அமைப்பதோ, வலக்கைப் பணத்தை இடக்கை கடன் வாங்குவது போன்றதே.

யாவற்றிலும் மேலான உண்மை ஒன்றுண்டு. 1968 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பீற்றர் டெனிங் எடுத்துக்காட்டியவாறு, செயலிகள் ஒருங்கே வேண்டும் பக்கங்கள் நினைவகத்தின் அளவை மீறிவிட்டால், கணனி வேலை செய்வதை விட்டுப் பக்கங்களைச் சுமந்து அலைவதிலேயே காலத்தைக் கழிக்கும். அந்நிலையில் அலுமாரியை எங்கே நகர்த்தினும் துன்பம் குறையுமேயன்றித் தீராது. மேசையைப் பெரிதாக்குவதே மருந்து.

அம்மாணவனின் கணனியில் 4 கிகாபைற்று நினைவகமே இருந்தது. இன்னுமொரு 4 கிகாபைற்றும், சிறிய திண்மநிலைத் தட்டு ஒன்றும் வாங்கிப் பொருத்தினோம். விண்டோஸையும் பேஜ் பைலையும் புதுத் தட்டில் அமைத்து, பழைய வன்தட்டைப் படங்களையும் பாடக் குறிப்புக்களையும் சேர்த்துவைக்க விட்டோம். புதுக் கணனியின் விலையில் ஒரு சிறு பங்கே செலவாயிற்று. கட்டுரையும் உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது.

மெதுவாக ஓடும் கணனி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனை வீசுமுன் சற்று நின்று, அதன் மேசை எவ்வளவு, அலுமாரி எங்கே என்று பாருங்கள். கருவியின் இயல்பை அறிந்தவனுக்குக் கைப்பொருள் மிஞ்சும். அறியாதவனோ விற்பவன் சொன்னதையே விலையாகக் கொடுப்பான்.