செயின் நீளுதுன்னா என்ன அர்த்தம்?

2018 கஜா புயலுக்குப் பிறகு டெல்டா ஊர்களில் சாய்ந்த தென்னைகளை அறுத்து வழி ஏற்படுத்தியதில் செயின் சா மெஷினுக்குப் பெரிய பங்கு. அதில் எந்தப் பார்ட்டை எப்போ மாத்தணும்?

முதல்ல தூளைப் பாருங்க. கூரான செயின் சீவல் சீவலா தள்ளும். மாவு மாதிரி கொட்டினா மழுங்கிடுச்சு. அதுக்காக உடனே புது செயின் வேண்டாம், அரம் போட்டாலே போதும். வெட்டும் பல்லின் நீளம் சுமார் 4 மி.மீ. ஆகும் வரை தீட்டலாம். பல செயின்களில் பல்லிலேயே இதுக்குச் சாய்வா ஒரு கோடு இருக்கும். விரிசல் விட்டாலோ பல் உடைந்தாலோ கணக்கே பார்க்க வேண்டாம், மாத்திடணும்.

"செயின் நீளுது"ன்னு சொல்றோமே, உண்மையில் ஸ்டீல் இழுபட்டு நீளறது இல்ல. ரிவெட்டும் அதன் துளையும்தான் தேயுது. 60 டிரைவ் லிங்க் உள்ள செயினில் 120 ரிவெட். ஒவ்வொண்ணும் 0.05 மி.மீ. ஆட்டம் கொடுத்தால் மொத்தம் 6 மி.மீ. கூடிடும்! (புது செயின் முதல் சில மணி நேரம் தளர்வது சகஜம், அதைக் குழப்பிக்காதீங்க.)

இப்படி பிட்ச் மாறின செயின் ஸ்பிராக்கெட்டையும் தின்னும். அதில் விழுந்த பள்ளம் அரை மி.மீ. தாண்டினா மாத்தணும். தோராயமா இரண்டு செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட். தேஞ்ச ஸ்பிராக்கெட்டில் புது செயின் மாட்டினா, அந்தச் செயினும் சீக்கிரம் போயிடும். பைக் மெக்கானிக் செயினை மட்டும் மாத்தாம "செட்டா போடுங்க"ன்னு சொல்றதும் இதே காரணத்துக்குத்தான், காசு புடுங்க இல்ல.

வெட்டு ஒரு பக்கமா வளையுதா? ஒரு பக்கப் பற்கள் குட்டையா இருக்கலாம், இல்லன்னா பாரின் பள்ளம் அகன்று செயின் சாயலாம். பாரை அப்பப்போ திருப்பி மாட்டினா இரண்டு பக்கமும் சமமா தேயும்.

நம்ம ஆட்கள் கண்டுக்காத பார்ட் செயின் கேட்சர். பாருக்குக் கீழே இருக்கும் சின்னத் துண்டு. அது உடைஞ்சாலும் மெஷின் ஜோரா வெட்டும், அதனாலதான் யாரும் மாத்தறதில்ல. ஆனா 10,000 ஆர்.பி.எம்., 7 பல், 3/8 இஞ்ச் பிட்ச்னா செயினின் வேகம் நொடிக்கு 22 மீட்டர், அதாவது மணிக்கு 80 கி.மீ. அந்த வேகத்தில் அறுந்த செயின் பின்னாடி, கையை நோக்கித்தான் வரும்.

ஐடிலில் செயின் ஓடினாலும் விடாதீங்க. ஐடில் ஸ்க்ரூவைக் குறைச்சும் நிக்கலைன்னா, கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.