எண்ணிக்கையில் அடங்காத எலும்பு அறுவை

செஞ்சிக் கோட்டைப் படியில் சறுக்கி ஒருவர் மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே நாள் திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் லாரி மோதி, இன்னொருவரின் கால் எலும்பு நொறுங்கித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. முன்னவருக்குக் கம்பி செருகிக் கட்டுப் போட ஒரு மணி நேரம் போதும். பின்னவருக்கு மண்ணையும் செத்த சதையையும் கழுவி அகற்றி, வெளியே கம்பிச் சட்டம் மாட்ட வேண்டும். பிறகு வேறிடத்துச் சதையை எடுத்துக் காயத்தை மூட வேண்டும். கடைசியில் உள்ளே ராடு வைக்க வேண்டும். பதிவேட்டில் ஒவ்வொன்றும் ஓர் அறுவை, அவ்வளவுதான். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்கூட நெல்லை மூட்டை எண்ணி வாங்குவதில்லை; எடை போடுகிறார்கள், ஈரப்பதம் பார்க்கிறார்கள். எலும்பு அறுவைக்கும் அப்படியோர் எடை வேண்டும்.

அந்த எடை கூடிக்கொண்டே வருகிறது. ஒரு காலத்தில் எளிய முறிவு புத்தூர் கட்டோடு முடிந்தது. நொறுங்கிய கால் வெட்டப்பட்டது, இல்லையென்றால் ஆளே ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. வழியிலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் இப்போது அறுவை மேசைவரை வருகிறார்கள். ஆயுளும் நீண்டிருக்கிறது. வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும் 75 வயதுப் பாட்டிக்குச் சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்தே இருக்கலாம். அங்கே எலும்பைச் சேர்ப்பதைவிட மயக்க மருந்து கொடுப்பதே பெரிய வேலை.

கருவிகள் வந்து வேலை சுலபமாகிவிட்டதே என்பார்கள். ஒரு நோயாளியை மட்டும் பார்த்தால் உண்மைதான். ஆனால் நல்ல கருவி கைக்கு வந்ததும், முன்பு தொடத் தயங்கிய முறிவுகளையும் டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணிக்கையாவது கண்ணுக்குத் தெரிகிறது, சிக்கல் என்பது டாக்டர் சொல்வதுதானே என்பது அடுத்த கேள்வி. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை இதற்கு ஒரு பதில். திறந்த காயத்துடன் முறிந்த காலில் தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றின் சேதத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். முதுமை, சர்க்கரை போன்றவை இருந்தால் தலா 2. மொத்தம் 14-க்குள் என்றால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ஐத் தொட்டால் பெரும்பாலும் அகற்ற நேரும். இப்படி எழுதி வைத்ததை இன்னொரு டாக்டர் சரிபார்க்க முடியும்.

எளிய முறிவுகளைத் தாலுகா மருத்துவமனைகளே பார்த்து, கடினமானவற்றை மட்டும் மேலே அனுப்பினால், பெரிய மருத்துவமனையில் எண்ணிக்கை குறையும், வேலை கூடும். வெறும் எண்ணைப் பார்த்து அங்கே பணியிடத்தைக் குறைப்பவர், ஒழுங்காக நடக்கும் ஏற்பாட்டுக்குத்தான் தண்டனை கொடுக்கிறார்.