மூன்று பர்னரில் ஒன்று அணைந்தால்: மோட்டார் காயிலை ரிலே எப்படிக் காக்கிறது?

ஹோட்டல் தோசைக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். நீளமான ஒரே கல், அடியில் வரிசையாக மூன்று பர்னர். மூன்றும் சமமாக எரிந்தால்தான் கல் சீராகக் காயும். கிணற்றடியில் ஓடும் 5 எச்.பி. மோட்டாரும் அப்படித்தான். பர்னர்கள் மூன்று ஃபேஸ், கல்தான் காயில்.

தீ கூடினால்

தீயைக் கொஞ்ச நேரம் கூட்டி வைத்தால் கல் தாங்கும். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் ஏறக்குறைய ஆறு மடங்கு கரண்ட் இழுத்தாலும், சில நொடிதான் என்பதால் காயில் தாங்கிக்கொள்கிறது. பேரிங் இறுகியோ வோல்டேஜ் இறங்கியோ 20 சதவீதம் கூடுதலாக மணிக்கணக்கில் இழுத்தால்தான் ஆபத்து; காயிலின் இன்சுலேஷன் கருகிவிடும். ஸ்டார்ட்டிங் கரண்ட்டுக்கே அசையாத பியூஸ் இதைக் கண்டுகொள்ளாது.

அதனால்தான் ஸ்டார்ட்டருக்குள் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒரு பைமெட்டல் பட்டை. ஒட்டிய இரண்டு உலோகங்களில் ஒன்று சூட்டில் அதிகம் விரிவதால் பட்டை வளையும். வளைந்து ட்ரிப் தகட்டைத் தள்ளியதும் கான்டாக்டர் விடுபட்டு மோட்டார் நிற்கும். பெரிய கல்லோடு சேர்ந்தே காயும் குட்டிக் கல் இது. 20 சதவீதம் கூடினால் 2 மணி நேரத்துக்குள், ஒன்றரை மடங்கானால் சில நிமிடங்களில், மோட்டார் சுற்ற முடியாமல் சிக்கினால் சில நொடிகளில் ட்ரிப் ஆகும். பட்டை ஆறினால்தான் ரீசெட் ஆகும். அந்த நேரம் காயிலுக்கும் தேவை.

ஒன்று அணைந்தால்

ஒரு பர்னர் அணைந்தும் ஆர்டர் குறையவில்லை என்றால், மற்ற இரண்டும்தான் கூடுதலாக எரிய வேண்டும். ஓடும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போனால் மீதி இரண்டு லைனில் கரண்ட் சுமார் 1.73 மடங்காகும். சூடு கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் அது மூன்று மடங்கு. டெல்டா இணைப்பில் ஒரு காயிலுக்கு மட்டும் இரண்டு மடங்கு கரண்ட், நான்கு மடங்கு சூடு. ரீவைண்டிங் கடையில் மூடியைக் கழற்றியதுமே தெரிந்துவிடும்: ஸ்டார் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் காயில் கரியாகி, மூன்றாவது பளிச்சென்று இருக்கும், டெல்டாவில் ஒன்று மட்டும் கருகியிருக்கும்.

முழு லோடு இல்லாத டெல்டா மோட்டாரில், லைன் கரண்ட் செட்டிங்கைப் பெரிதாகத் தாண்டாமலேயே அந்த ஒரு காயில் கெட்டுவிடலாம். அதனால், மூன்று பட்டையும் சமமாக வளையாவிட்டால் முன்கூட்டியே ட்ரிப் ஆகும் ரிலேயாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸிங் ப்ரிவென்டரிலும் கவனம் வேண்டும். அணைந்த பர்னருக்கு மேலேயும் பக்கத்துச் சூடு பரவி, கல் சுடத்தான் செய்யும். அதேபோல, போன ஃபேஸின் முனையிலும் ஓடும் மோட்டாரே வோல்டேஜை உண்டாக்கும். வோல்டேஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ப்ரிவென்டர் இதில் ஏமாறலாம். கரண்ட்டைப் பார்ப்பது ஏமாறாது. அது கல்லைத் தொடாமல் தீயையே பார்க்கிறது.

டயலை எங்கே வைப்பது?

நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியரில் வையுங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே காயில் வரிசையில் இருந்தால், அதில் 0.58 பங்கு. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று டயலை ஏற்றாதீர்கள்; ப்ரிவென்டரைக் கழற்றி டைரக்ட் செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மூன்று லைனிலும் க்ளாம்ப் மீட்டர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் சமமாகக் கூடியிருந்தால் கோளாறு பம்பிலோ பேரிங்கிலோ குறைந்த வோல்டேஜிலோ இருக்கும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் பியூஸ், கான்டாக்டர் பாயின்ட், கேபிள் ஜாயின்ட் மூன்றையும் பார்க்க வேண்டும்.